இருபது மாதமா, முப்பது மாதமா? சின்னக் குழந்தையோடு முதல் ஊர்ப் பயணம்

அமெரிக்காவில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், குழந்தை பிறந்த சில மாதங்களிலேயே இந்தப் பேச்சு எழுந்துவிடும்: “ரெண்டு வயசு முடியறதுக்குள்ள ஒரு தடவை ஊருக்குப் போயிட்டு வந்துடுங்க. டிக்கெட் காசு மிச்சம்.” நண்பர்கள் சொல்வார்கள், அண்ணி சொல்வார், டிக்கெட் எடுத்துத் தரும் ஏஜென்ட்டும் சொல்வார். கணக்கு சரிதான். ஆனால் அந்தக் கணக்கில் குழந்தையைச் சேர்க்கவில்லை. இரண்டாம் பிறந்தநாள் என்பது விமான நிறுவனங்கள் கட்டணத்துக்காகப் போட்டுக்கொண்ட கோடு. குழந்தையின் உடம்பும் பேச்சும் உறக்கமும் அந்தக் கோட்டைப் பார்த்து வளர்வதில்லை.

இங்கே ஒரே குடும்பத்தின் ஒரே பயணத்தை இரண்டு வயதுகளில் வைத்துப் பார்க்கலாம். ஒன்றில் குழந்தைக்கு 20 மாதம், மற்றதில் 30 மாதம். இருபதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. முதல் ஆண்டு பாஸ்போர்ட், ஓசிஐ அட்டை, அம்மாவின் விடுப்பு, வேலைக்குத் திரும்புதல் என்று ஓடிவிடும். அப்புறம்தான் “அடடா, ரெண்டு வயசு வரப்போகுதே” என்ற அவசரம் வரும். அந்த அவசரத்தில் எடுக்கும் டிக்கெட் பெரும்பாலும் பதினெட்டுக்கும் இருபத்துமூன்றுக்கும் இடைப்பட்ட மாதங்களில் வந்து விழும்.

பாதை நியூஜெர்சியிலிருந்து சென்னைக்கு. நேரடி விமானம் கிடையாது. துபாய் அல்லது தோஹா வழியாகப் போனால் முதல் கட்டம் 12, 13 மணி நேரம், அடுத்தது நாலு, நாலரை மணி நேரம். நடுவில் காத்திருப்பு. வீட்டைப் பூட்டியதிலிருந்து ஊர் வீட்டுக் கதவு திறக்கும்வரை ஒரு முழு நாள் போய்விடும்.

கட்டணம்

இரண்டு வயது நிறையாத குழந்தை பெற்றோர் மடியில் பயணம் செய்தால், பன்னாட்டு விமானங்களில் பெரியவர் கட்டணத்தில் சுமார் 10 விழுக்காடு வாங்குவது பரவலான வழக்கம். இரண்டு நிறைந்துவிட்டால் தனி இருக்கை கட்டாயம். அதற்கு முக்கால் பங்கோ முழுக் கட்டணமோ ஆகும். பெரியவருக்கு 1,400 டாலர் என்று வைத்துக்கொண்டால், மடிக்குழந்தைக்கு 140, இருக்கைக்கு 1,050. இடைவெளி 910 டாலர். ஊருக்குப் போனால் செலவுக்கு எத்தனையோ கைகள் நீளும் நேரத்தில் இது சின்னத் தொகை இல்லை. இந்த ஓர் இனத்தில் இருபது மாதம் தெளிவாக முந்துகிறது.

ஆனாலும் அந்த மிச்சம் முழுசாகக் கைக்கு வராது. பிறந்தநாள் நெருங்குவதால் தேதியைத் தேர்ந்தெடுக்கும் வசதி போய்விடுகிறது. டிசம்பரிலோ ஜூன், ஜூலையிலோ கூட்டம் மிகுந்த காலத்தில் மாட்டிக்கொண்டால் பெற்றோர் இருவரின் டிக்கெட்டும் ஏறிவிடும். ஊரில் இருக்கும்போதே குழந்தைக்கு இரண்டு முடிந்துவிட்டால், திரும்பி வரும் பயணத்துக்கு இருக்கை வாங்கியே ஆக வேண்டும். முப்பது மாதத்துக்கு அந்த நெருக்கடி இல்லை, பள்ளி லீவு என்ற கட்டும் இன்னும் விழவில்லை. சென்னையில் வெயில் ஏறுவதற்கு முன், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த பின், பிப்ரவரியில் போய்வரலாம். கட்டணமும் இறங்கியிருக்கும்.

இருக்கை

பலர் தொட்டிலை நம்பி மடிக்குழந்தை டிக்கெட் எடுக்கிறார்கள். தடுப்புச் சுவருக்கு எதிர் வரிசையில் மாட்டித் தரும் அந்தத் தொட்டிலுக்குப் பல விமானங்களில் எடை வரம்பு 11 கிலோ அளவில்தான் இருக்கிறது. நீளம் முக்கால் மீட்டரை ஒட்டியது. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி அட்டவணைப்படி 20 மாதக் குழந்தையின் நடுத்தர எடையே 11 கிலோவைத் தொட்டு நிற்கும். உயரம் 83 செ.மீ. பக்கம். காலை மடக்கிப் படுக்க வைத்தாலும், விமானம் குலுங்கிப் பெல்ட் விளக்கு எரிந்தவுடன் பணிப்பெண் வந்து குழந்தையைத் தூக்கச் சொல்வார். அரும்பாடுபட்டுத் தூங்க வைத்த பிள்ளை அங்கேயே விழித்துக்கொள்ளும். ஆறு மாதக் குழந்தைக்குத் தொட்டில் வரம்தான். இருபது மாதத்துக்கு அது பெயரளவில் மட்டும்.

அதைவிடப் பெரிய விஷயம் பாதுகாப்பு. 1989 ஜூலை 19 அன்று, யுனைடெட் ஏர்லைன்ஸின் 232ஆம் எண் விமானம் அயோவா மாநிலத்தின் சூ சிட்டியில் தரையிறங்கும்போது நொறுங்கியது. விமானத்தில் இருந்த 296 பேரில் 184 பேர் பிழைத்தார்கள். மடியில் பயணம் செய்த குழந்தைகள் நால்வர். அன்றைய விதிமுறைப்படி அவர்களைத் தரையில் படுக்கவைத்துப் பிடித்துக்கொள்ளச் சொன்னார் தலைமைப் பணிப்பெண் ஜேன் பிரௌன். அவர்களில் ஒரு குழந்தை இறந்துபோனது. தான் சொன்ன அந்தச் சொல்லின் கனத்தைச் சுமந்து, இரண்டு வயதுக்குட்பட்டோருக்கும் தனி இருக்கை வேண்டும் என்று அவர் பல ஆண்டுகள் போராடினார். சட்டம் மாறவில்லை. அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் மடிக்குழந்தையை இன்றும் அனுமதிக்கிறது. அதே நிர்வாகம்தான், எதிர்பாராத குலுக்கலில் பெற்றோரின் கை குழந்தையைப் பிடித்து நிறுத்தாது, தனி இருக்கையில் பொருத்திய குழந்தை நாற்காலியே சரி என்றும் வற்புறுத்துகிறது.

முப்பது மாதக் குழந்தைக்கு இருக்கை இருக்கிறது. காரில் பழகிய அதே நாற்காலியைப் பொருத்தலாம். விமானத்திலும் பயன்படுத்தலாம் என்று அதன் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, நீங்கள் போகும் நிறுவனம் அதை ஏற்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும். தூக்கிச் செல்லச் சிரமம் என்றால் இருக்கையின் முதுகில் மாட்டும் ‘கேர்ஸ்’ வார்ப்பட்டை உண்டு. 10 முதல் 20 கிலோ வரை எடையுள்ள பிள்ளைகளுக்கு அது அங்கீகரிக்கப்பட்டது. இருபது மாதத்திலும் இருக்கை வாங்கி இவற்றையெல்லாம் செய்யலாமே என்று கேட்டால், தாராளமாகச் செய்யலாம். ஆனால் அப்படி வாங்கிய கணமே, “ரெண்டு வயசுக்குள்ள போயிடு” என்ற அறிவுரைக்கு ஆதாரமான மிச்சம் போய்விடுகிறது.

தடுப்பூசி

ஊர்ப் பயணத்தில் யாரும் பேசாத வேறுபாடு இது. அமெரிக்காவில் கிடைக்கும் டைபாய்டு தடுப்பூசி இரண்டு வயது நிறைந்தவர்களுக்கு மட்டுமே. இந்தியாவில் ஆறு மாதத்திலிருந்தே போடக்கூடிய இணைவகை ஊசி இருக்கிறது. ஆனால் அதை அங்கே இறங்கிய பிறகுதான் போட முடியும். இருபது மாதக் குழந்தை அந்தக் காப்பு இல்லாமலே போய் இறங்கும். முப்பது மாதக் குழந்தை போட்டுக்கொண்டு கிளம்பலாம்.

தட்டம்மைக்கு இரு வயதுக்கும் விதி ஒன்றுதான். வெளிநாடு போகும் குழந்தைக்கு ஒரு வயதுக்குப் பின் 28 நாள் இடைவெளியில் இரண்டு தவணையும் முடிந்திருக்க வேண்டும் என்கிறது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. வழக்கமான அட்டவணையில் இரண்டாம் தவணை நாலு வயதுக்குத் தள்ளியிருப்பதால், நீங்களாகக் கேட்டால்தான் மருத்துவர் முன்னதாகப் போடுவார். எந்த வயதில் கிளம்பினாலும் பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே குழந்தை மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். ஊரில் காய்ச்சிய தண்ணீர், சூடாகச் சமைத்த சாதம், கொசுவலை மூன்றும் இரு வயதுக்கும் பொது.

பதின்மூன்று மணி நேரம்

பிள்ளை வளர்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஒன்று: நடக்கத் தொடங்கிய குழந்தைக்கு நடப்பதே வேலை. இருபது மாதம் அந்தப் பருவத்தின் உச்சி. காலுக்குத் தெம்பு வந்துவிட்டது, காரணம் சொன்னால் ஏற்கும் புத்தி இன்னும் வரவில்லை. இருக்கையும் இல்லாததால் அம்மா மடிக்கும் அப்பா மடிக்கும் மாறி மாறிப் போகும். மீதி நேரம் நடைபாதைதான். உணவு வண்டி வந்தால் அதுவும் அடைபடும். சாப்பாட்டுத் தட்டை வைக்க இடமில்லாமல் பெற்றோர் ஒருவர் நின்றுகொண்டு, ஒருவர் பசியோடு, முறை போட்டுச் சாப்பிடுவார்கள்.

முப்பது மாதக் குழந்தை இரண்டு மூன்று சொற்களைக் கோத்துப் பேசும். “தண்ணி வேணும்”, “காது வலிக்குது” என்று சொல்லும். நீங்கள் சொல்வதையும் வாங்கிக்கொள்ளும். முதலில் சாப்பாடு, அப்புறம் படம் ஒட்டுற புத்தகம், அப்புறம் தூக்கம் என்று வரிசை சொன்னால் அதைப் பிடித்துக்கொள்ளும். பதினெட்டு மாதத்துக்கு முன் வீடியோ அழைப்பு தவிரத் திரையே வேண்டாம் என்று சொல்லும் அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம், இரண்டு வயதுக்கு மேல் அளவோடு அனுமதிக்கிறது. அந்த அளவு விமானத்தில் கொஞ்சம் கூடினாலும் குற்றமில்லை.

விமானம் இறங்கும்போது இந்த வேறுபாடு நன்றாகத் தெரியும். கேபின் அழுத்தம் கூடக்கூட, சின்னப் பிள்ளைகளின் குறுகலான செவிக்குழல் சட்டென்று திறந்துகொடுக்காது. விழுங்கினால்தான் திறக்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்குக் கவலையில்லை. பால்குடி மறந்த இருபது மாதக் குழந்தையைத் தூக்கத்திலிருந்து எழுப்பி டம்ளரை நீட்டினால் தட்டிவிடும். ஏன் வலிக்கிறது என்று தெரியாமல் வீறிடும். முப்பது மாதத்திடம் வீட்டிலேயே சொல்லிப் பழக்கலாம்: “பிளேன் கீழ இறங்கும்போது ஸ்ட்ராவுல உறிஞ்சி உறிஞ்சிக் குடிக்கணும்.” முன்பே தெரிந்த விளையாட்டாக இருந்தால் செய்யும்.

முப்பதுக்கும் குறைகள் உண்டு. எதற்கெடுத்தாலும் “மாட்டேன்” என்கிற வயது அது. கழிவறைப் பழக்கம் பாதியில் நிற்கும். பயணத்தில் அது பின்வாங்குவது இயல்பு என்று மனதைத் தேற்றி டயப்பர் போட்டுவிடுவதே மேல். தூக்க மருந்து மட்டும் எந்த வயதிலும் வேண்டாம். சில குழந்தைகளுக்கு அது நேர்மாறாக வேலை செய்து, இரவு முழுக்கத் துள்ள வைக்கும்.

பாட்டி வீட்டில்

இத்தனை தூரம் போவது பாட்டி தாத்தாவுக்காக. அங்கேதான் இருபது மாதம் மனதைச் சங்கடப்படுத்துகிறது. அம்மாவை விட்டுப் பிரிய அஞ்சும் பருவம் இன்னும் முழுசாக ஓய்ந்திருக்காது. நேர வித்தியாசம் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி. உடம்பு ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் திரும்பும். ஆக, முதல் வாரம் முழுக்க நள்ளிரவு ஒன்றுக்கும் இரண்டுக்கும் விழிப்பு. தூக்கம் கெட்ட பிள்ளை பாட்டி கை நீட்டினால் அம்மா தோளில் முகத்தைப் புதைத்துக்கொள்ளும். வருஷக்கணக்கில் காத்திருந்தவர், “என்கிட்ட வரமாட்டேங்குதே” என்று சிரித்துக்கொண்டே சொல்வார். அந்தச் சிரிப்பைப் பார்க்கும் மகளுக்கு ஆறாது. மூன்று வார விடுப்பில் ஒரு வாரம் தூக்கத்துக்கும் ஒரு வாரம் பழகுவதற்கும் போனால், ஒட்டிக்கொண்ட நேரத்தில் பெட்டி கட்ட வேண்டியிருக்கும்.

முப்பது மாதக் குழந்தைக்கு வீடியோவில் பார்த்த முகங்கள் அடையாளம் தெரியும். தாத்தா என்று பெயர் சொல்லிக் கூப்பிடும். விடியற்காலை நாலு மணிக்கு விழித்தாலும் தாத்தாவோடு வாசலில் கோலம் போடுவதைப் பார்க்கும், பால்காரர் வண்டியைப் பார்க்கும். பெற்றோர் இரண்டு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். பேச்சு மலரும் வயதில் மூன்று வாரம் தமிழ் மட்டும் காதில் விழுவதன் பலன், திரும்பிய பிறகும் வீட்டில் கேட்கும். குலதெய்வக் கோயிலில் மொட்டையடித்துக் காது குத்தும் வேண்டுதல் இருந்தால், பல வீடுகளின் வழக்கம் முதல் ஆண்டு, விட்டால் மூன்றாம் ஆண்டு. முப்பது மாதம் மூன்றாம் ஆண்டின் நடுவில் இருக்கிறது. இருபது மாதம் இரண்டுக்கும் பொருந்துவதில்லை.

முடிவு

கட்டணத்தில் இருபது மாதம் முந்துகிறது. இருக்கை, பாதுகாப்பு, தடுப்பூசி, விமான நேரம், உறவு என்ற ஐந்திலும் முப்பது மாதம் முந்துகிறது. என் கருத்தைத் தெளிவாகவே சொல்கிறேன்: குழந்தை நடக்கும் முன், ஏழெட்டு மாதத்தில் தொட்டிலில் படுக்கும் வயதில் போங்கள். அது தவறிவிட்டால் இரண்டு வயதைத் துரத்தாதீர்கள், இரண்டரை வரை பொறுங்கள். பொறுக்கும் பத்து மாதத்தில் மாதம் 91 டாலர் எடுத்து வைத்தால், நாம் மேலே போட்ட இடைவெளி அடைபட்டுவிடும்.

ஒரே ஒரு விலக்கு உண்டு, அதற்குமுன் மற்றக் கணக்கெல்லாம் செல்லாது. ஊரில் இருப்பவருக்கு எண்பதைத் தாண்டிவிட்டது, உடம்பு தளர்ந்துவிட்டது என்றால் குழந்தையின் மாதத்தை எண்ணிக்கொண்டிருக்காமல் கிளம்பிவிடுங்கள். அப்படிக் கிளம்பும்போது இருபது மாதமே ஆகியிருந்தாலும், முடிந்தால் தனி இருக்கை எடுங்கள். நீண்ட கட்டம் இரவில் அமையும் விமானமாகப் பாருங்கள், மாறும் இடத்தில் பிள்ளை ஓடியாட மூன்று மணி நேரமாவது விடுங்கள். ஊரில் முதல் ஐந்து நாளுக்கு எந்த விசேஷத்துக்கும் ஒப்புக்கொள்ளாதீர்கள், வர நினைக்கும் உறவுக்காரர்களையும் அடுத்த வாரம் வரச் சொல்லுங்கள். பாட்டியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: பிள்ளை மெதுவாகத்தான் வருவான், அவனாக வரும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் போதும் என்று.