பிரஜை என்ற சொல்லின் அடியில்

யூக்ளிட் தமது நூலின் தொடக்கத்திலேயே புள்ளியைப் பகுதியற்ற ஒன்றென வரையறுத்தார். பகுதி என்பது யாது என்று கேட்டால் அவ்விடத்தில் விடை இல்லை. ஒரு சொல்லுக்கு இன்னொரு சொல்லால் பொருள் உரைத்துக்கொண்டே போனால் எங்கேனும் நிறுத்தத்தான் வேண்டும். அங்கு எஞ்சும் சொல்லே மூலக்கருத்து.

ஜேர்மனியரான டேவிட் ஹில்பேர்ட் 1899இல் வெளியிட்ட நூலில் மூலக்கருத்துகள் இரு வகைப்படுகின்றன. புள்ளி, கோடு, தளம் ஆகியன பொருள்கள். ஒன்றின்மேல் அமைதல், இடையில் இருத்தல், சர்வசமமாதல் ஆகியன உறவுகள். எதற்கும் அவர் வரையறை தரவில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் இத்தாலியரான மரியோ பியெரி, புள்ளி, இயக்கம் என்ற இரண்டே போதுமெனக் காட்டினார். தொடங்கும் சொற்கள் வேறு. இருவருக்கும் கிடைத்த கேத்திரகணிதம் ஒன்றுதான்.

சட்டத்தில் அப்படி நிகழ்வதில்லை. அதற்கு மலையகமே சாட்சி.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, அதற்குமுன் இலங்கையில் பிறந்த ஒருவர் வம்சாவளிப் பிரஜையாக வேண்டுமாயின் அவருடைய தந்தை இங்கு பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். பிறந்த இடம் என்ற ஒரு பொருள், தந்தை என்ற ஓர் உறவு, அவ்வளவே மூலம். தாய்க்கு அதில் இடமில்லை. உழைத்த ஆண்டுகளுக்கும் இல்லை. செய்தி சேகரிக்க ஹற்றன் பக்கத்து லயங்களுக்குப் போன நாட்களில், தகரப்பெட்டியில் பொத்திவைத்த பழைய கடதாசிகளை எத்தனையோ பேர் எடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பாட்டன் பிறந்ததற்கு மட்டும் துண்டு இராது. அவர் காடு வெட்டிய மலை எதிரேதான் இருந்தது.

1949இல் வந்த மற்றொரு சட்டம் வதிவைக் கணக்கில் எடுத்தது: மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10. ஆனால் வருமானம், சான்று என்று நிபந்தனைகள் தொடர்ந்தன. பெரும்பாலான மனுக்கள் தள்ளப்பட்டன. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தமோ மனிதரைத் தொகையாக்கிவிட்டது. 975,000 பேரில் இந்தியாவுக்கு 525,000, இலங்கைக்கு 300,000. மீதி 150,000 பேரைப் பிறகு பார்ப்பதாம்! 1974இல் அவர்களையும் பாதி பாதியாகப் பங்கிட்டார்கள்.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் பூட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்கவில்லை. 1964 ஒக்டோபர் 30 முதல் இலங்கையில் நிரந்தரமாக வசித்துவந்த இந்திய வம்சாவளியினரும் அவர்தம் வழித்தோன்றல்களும் பிரஜைகளாகலாம் என்றது. அதே மனிதர், அதே லயம்; மூலக்கருத்து வதிவாக மாறியதும் வெளியே நின்றவர் உள்ளே வந்தனர். அந்த ஒக்டோபர் 30, ஒப்பந்தம் கைச்சாத்தான நாள்.