காஜியின் சீட்டும் கோர்ட்டுத் தீர்ப்பும்: பாலாற்றுத் தோல் நகரங்களில் மணமுறிவின் வரலாறு

வேலூர், மேல்விஷாரம், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் நகரங்களிலும், சற்று விலகிய பேர்ணாம்பட்டிலும், கணவன் மனைவி பிணக்கு நெடுங்காலம் கோர்ட்டுப் படி ஏறியது அரிது. முஸ்லிம்களுக்குப் பள்ளிவாசல் ஜமாஅத், இந்துக்களுக்குச் சாதிப் பஞ்சாயத்து, கிறிஸ்தவர்களுக்குச் சபைப் போதகர் என்று அவரவர்க்கு ஓர் இடம் இருந்தது. பெரியவர்கள் பேசி முடித்தபின் பிரிந்தவர்கள் கையில் மிஞ்சியது ஒரு சீட்டு: காஜி எழுதிய தலாக் சான்று, பஞ்சாயத்தார் கையெழுத்திட்ட தீர்வுக் காகிதம், பிற்காலத்தில் முத்திரைத்தாளில் நோட்டரி வைத்து எழுதிய பத்திரம். அந்தச் சீட்டு செல்லுமா, யார் முத்திரை இட்டால் செல்லும் என்ற கேள்வியே இவ்வட்டாரக் குடும்ப வழக்குகளின் வரலாற்றில் திரும்பத் திரும்ப எழுந்தது.

ஊர்ப் பெரியவரை நாடியதற்கு மரபு மட்டுமே காரணமன்று. கோர்ட்டு எட்டாத தூரத்தில் இருந்ததும் காரணம். 1911 வரை வாணியம்பாடி, திருப்பத்தூர் வட்டத்தோடு சேர்ந்து சேலம் மாவட்டத்தில் இருந்தது. ஆம்பூர் வடஆற்காட்டைச் சேர்ந்தது; அம்மாவட்டத்தின் தலைநகரமோ சித்தூர். 1890 ஆம் ஆண்டின் காப்பாளர் மற்றும் காப்புப் பிள்ளைகள் சட்டப்படி குழந்தையைக் கேட்டு மனுப்போட வேண்டிய இடம் மாவட்ட நீதிமன்றம். அடுத்தடுத்த ஊர்களான வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் இருந்த இரு தாய்மார், ஒருத்தி தெற்கே சேலத்தையும் மற்றவள் வடக்கே சித்தூரையும் நோக்கிப் போக வேண்டியிருந்தது. சித்தூர் தனி மாவட்டமானபோதுதான் வேலூர் வடஆற்காட்டின் தலைநகரமாயிற்று. திருப்பத்தூர் வட்டமும் வடஆற்காட்டுக்கு வந்தது.

காஜி என்பவர் முதலில் சான்று எழுதும் ஆளல்லர், நீதிபதி. ஆற்காடு நவாபின் ஆட்சியில் அவர் அரசு அதிகாரி. 1801 இல் நவாபின் ஆட்சிப் பகுதியான கர்நாடகத்தின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்குப் போனபின், ஆங்கிலேய நீதிபதிகளுக்கு இஸ்லாமியச் சட்டம் எடுத்துச் சொல்லும் அதிகாரிகளாகக் காஜிகளும் முஃப்திகளும் கோர்ட்டுகளில் நீடித்தார்கள். 1864 இல் வந்த சட்டம் அந்தப் பதவியையும் எடுத்துவிட்டது. அரசு இனிக் காஜிகளை நியமிக்காது என்றது. நிக்காஹ் நடத்தி வைக்க அரசு நியமித்த காஜி வேண்டும் என்ற வழக்கம் உள்ள இடங்களில் இது குழப்பத்தை உண்டாக்கியது. அதன் விளைவே 1880 ஆம் ஆண்டின் காஜிகள் சட்டம். இது முதலில் சென்னை மாகாணத்துக்கென்றே வந்தது. மற்ற மாகாணங்கள் விரும்பினால் பின்னர் ஏற்கலாம் என்று விட்டது.

நான்கே பிரிவுகள் கொண்ட அச்சட்டத்தின் கடைசிப் பிரிவு கவனிக்கத்தக்கது. நியமனத்தால் காஜிக்கு நீதி அதிகாரமோ நிர்வாக அதிகாரமோ வந்துவிடாது. எந்த நிக்காஹுக்கும் அவர் இருந்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. வேறு யாரும் காஜியின் பணிகளைச் செய்யத் தடையும் இல்லை. பதவியைக் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காத ஏற்பாடு அது. ஆனால் மக்கள் பார்த்தது சட்டப் பிரிவை அல்ல, முத்திரையை. அரசு நியமித்தவர் எழுதிக் கொடுத்தால் அது அரசுக் காகிதம் என்றே நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொண்டார்கள். இந்தப் பழைய நான்காம் பிரிவே பின்னாளில் உயர் நீதிமன்றத்தில் காஜிச் சான்றின் மதிப்பைத் தீர்மானித்தது.

நடைமுறையில் வேலை நடந்தது ஜமாஅத்தில். பள்ளிவாசலின் பதிவேடான தஃப்தரில் நிக்காஹ் பதிவாகும்; மணமகன் மணமகளுக்குத் தரும் மஹர் தொகை அதிலேயே எழுதப்படும். பிணக்கு வந்தால் முத்தவல்லியும் நிர்வாகிகளும் இரு வீட்டாரையும் அழைத்துப் பேசுவார்கள். சேர்த்து வைக்க முடியாவிட்டால் மஹர் பாக்கி, மறுமணத்துக்கு முன் பெண் காத்திருக்கும் இத்தா காலச் செலவு, பெண் வீட்டார் போட்ட நகை, கொடுத்த சீர் இவற்றின் கணக்குத் தீர்க்கப்படும். சிக்கலான கேள்விக்கு ஃபத்வா கேட்க வெகுதூரம் போக வேண்டியதில்லை. 19 ஆம் நூற்றாண்டில் அப்துல் வஹ்ஹாப் ஹஸ்ரத் வேலூரில் நிறுவிய பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் மதரஸா தமிழகம், கேரளம், இலங்கை வரை மார்க்க அறிஞர்களை அனுப்பியது. பெயருக்குப் பின்னால் ‘பாகவி’ என்று போட்டுக்கொள்பவர்கள் அங்கே படித்தவர்கள். சட்டத்தின் கண்ணில் ஃபத்வா என்பது கருத்து மட்டுமே. உச்ச நீதிமன்றம் 2014 இல் விஸ்வ லோசன் மதன் வழக்கில் இதைத் தெளிவாகவே சொன்னது.

ஜமாஅத் முறையின் பலம் விரைவும் சிக்கனமும். பலவீனம், கணவனுக்கு எளிதாக இருந்தது மனைவிக்கு எளிதாக இல்லை என்பது. இஸ்லாமியச் சட்ட மரபுகளுள் ஒன்றான ஹனஃபி வழியில் கணவன் காணாமல் போனால், அவன் வயதையொத்தவர்கள் இறக்கும் காலம் வரை, ஏறக்குறைய ஆயுள் முழுவதும், மனைவி காத்திருக்க வேண்டும். சோறு போடாத கணவனிடமிருந்து விடுபடவும் அவன் சம்மதம் வேண்டும். வடஇந்தியாவில் சில பெண்கள் இதிலிருந்து தப்ப மதம் மாறியதாகச் சொல்லிக்கொண்டது உலமாக்களைக் கலங்க வைத்தது. இன்னொரு மரபான மாலிகி வழியின் தளர்வான விதிகளை ஹனஃபிகளுக்கும் கொண்டுவரலாம் என்ற கருத்து எழுந்து, 1939 இல் முஸ்லிம் திருமண முறிவுச் சட்டமாயிற்று. கணவன் நான்கு ஆண்டு தகவலின்றி இருந்தால், இரண்டு ஆண்டு பராமரிக்காவிட்டால், கொடுமை செய்தால், இன்னும் சில காரணங்களுக்காக, மனைவி நேரே கோர்ட்டுக்குப் போகலாம். மதம் மாறியதாலேயே திருமணம் முறிந்துவிடாது என்றும் அதே சட்டம் கதவை அடைத்தது. முஸ்லிம் பெண்ணுக்கு ஜமாஅத்தைத் தாண்டி இன்னொரு வாசல் சட்டப்படி திறந்தது அப்போதுதான். திறந்த வாசல் வழியாக எல்லோரும் போய்விடவில்லை. வக்கீல் கட்டணமும், ஊர் வாயும் தடுத்தன.

இந்துக்களின் நிலை வேறு. மேல்சாதிகளில் மணமுறிவே இல்லை. உழைக்கும் சாதிகள் பலவற்றில் அறுத்துவிட்டு மறுமணம் செய்வது வழக்கத்தில் இருந்தது. பஞ்சாயத்தில் தாலியைத் திருப்பிக் கொடுத்தாலோ, பரிசப் பணத்தைத் தீர்த்தாலோ பெண் விடுபட்டாள். சென்னை மாகாணம் 1949 இல் இருதார மணத்தைத் தடுத்து, கோர்ட்டு வழி மணமுறிவைக் கொண்டுவந்தது. 1955 இன் இந்து திருமணச் சட்டம் அதை நாடு முழுவதற்குமாக்கியது. ஆனாலும் அச்சட்டத்தின் 29 ஆம் பிரிவு, வழக்கத்தால் ஏற்பட்ட மணமுறிவு உரிமையைக் காப்பாற்றி வைத்தது. அதைப் பிடித்துக்கொண்டே தோல் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களிலும் பத்திரம் எழுதிப் பிரிவது நீடித்தது. சிக்கல் பின்னால்தான் வரும்: அந்தச் சாதியில் அப்படி ஒரு வழக்கம் தொன்றுதொட்டு உண்டு என்று நிரூபிக்க முடியாவிட்டால் பத்திரம் வெறும் தாள், மறுமணம் சட்டப்படி இருதார மணம். 1976 இல் பரஸ்பர சம்மத மணமுறிவு வந்தபின் இந்தப் பத்திரங்களுக்குத் தேவையே இருந்திருக்கக் கூடாது. இருந்தும் எழுதப்படுகின்றன.

ஆற்காடு மிஷனும் லூத்தரன் மிஷனும் வேரூன்றிய இவ்வட்டாரத்துக் கிறிஸ்தவர்களுக்கு 1869 ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டம். மனைவியின் நடத்தைப் பிழை ஒன்றைக் காட்டினால் கணவனுக்குப் போதும். மனைவியோ கணவனின் நடத்தைப் பிழையோடு கொடுமையையோ கைவிட்டதையோ சேர்த்து நிரூபிக்க வேண்டும். மாவட்ட நீதிமன்றம் தீர்ப்புக் கொடுத்தாலும் உயர் நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். 2001 இல்தான் இரண்டும் ஒழிந்தன.

மணமுறிவை விட அதிகம் பேரைக் கோர்ட்டுக்கு அழைத்து வந்தது ஜீவனாம்சம். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 488 ஆம் பிரிவு எல்லா மதத்தாருக்கும் பொது. மாஜிஸ்திரேட்டிடம் போனால் போதும். உச்ச வரம்பு முதலில் மாதம் 50 ரூபாய். 1923 இல் 100. 1955 இல் 500. அந்த 500 ரூபாய் வரம்பு 2001 வரை மாறவில்லை என்பது சட்டமியற்றியவர்களின் கவனத்துக்கு நல்ல சான்றல்ல. 1973 ஆம் ஆண்டுச் சட்டத்தில் 125 ஆம் பிரிவாக மாறியபோது மணமுறிவு பெற்ற மனைவியும் சேர்க்கப்பட்டாள். 1985 இல் ஷா பானோ வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்த தொகை மாதம் 179 ரூபாய் 20 காசு; அதன்மேல் எழுந்த புயலில் 1986 இல் மணமுறிவு பெற்ற முஸ்லிம் பெண்களுக்கெனத் தனிச் சட்டம் வந்தது. இத்தா காலத்துக்குள் எதிர்காலத்துக்கும் போதுமான நியாயமான ஏற்பாட்டைக் கணவன் செய்ய வேண்டும் என்று 2001 இல் டேனியல் லத்தீஃபி வழக்கில் அதற்குப் பொருள் கூறப்பட்டது. மணமுறிவு பெற்ற முஸ்லிம் பெண் 125 ஆம் பிரிவையும் நாடலாம் என்று 2024 ஜூலை 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்த்தது. அதே மாதம் முதல் அப்பிரிவு புதிய சட்டத்தில் 144 ஆகியிருக்கிறது.

தோல் தொழில் மாறியதும் இந்த வழக்குகளின் முகம் மாறியது. அரைப்பதம் செய்த தோல் ஏற்றுமதியை அரசு 1970களில் கட்டுப்படுத்த, ஆம்பூரும் ராணிப்பேட்டையும் முழுப்பதத் தோலுக்கும் பிறகு ஷூவுக்கும் திரும்பின. பதனிடும் ஆலையில் பெரும்பாலும் ஆண்கள். ஷூ கம்பெனியில் பெண்கள் திரளாக. கம்பெனிப் பேருந்து வந்து ஏற்றிச் செல்லும் பெண்ணுக்குச் சம்பளச் சீட்டும் பி.எஃப். கணக்கும் உண்டு. தோல் ஆலையில் நாட்கூலிக்கோ ஒப்பந்தக்காரரிடமோ வேலை செய்யும் கணவனின் வருமானத்துக்குத் தடயமே இராது. ஜீவனாம்ச வழக்கில் இது தலைகீழான நிலையை உண்டாக்கியது: மனைவியின் சம்பளம் தாளில் இருக்கிறது, கணவனுடையது வாயில் இருக்கிறது. வீட்டிலிருந்தே ஷூவின் மேற்பாகமான அப்பர் தைத்து ஜோடிக்கு இவ்வளவு என்று வாங்கும் பெண்களின் கணக்கோ யாரிடமும் இல்லை. சிறிது சம்பாதிக்கிறாள் என்பதற்காகவே ஜீவனாம்சத்தை மறுக்க முடியாது என்று 2007 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இருவரும் சொத்து, கடன், வருமான விவரங்களைப் பிரமாணப் பத்திரமாகத் தர வேண்டும் என்று 2020 இல் ரஜ்னேஷ் வழக்கில் விதித்தது.

அரசின் பக்கம் புதிய வாசல்களும் வந்தன. சென்னையில் 1992 இல் தொடங்கிய அனைத்து மகளிர் காவல் நிலையம் மாவட்டங்களுக்குப் பரவியது. புகார் கொடுத்தால் முதலில் கிடைப்பது சி.எஸ்.ஆர். ரசீது, வழக்குப் பதிவதற்கு முன் பேச்சுவார்த்தை. பல குடும்பங்களுக்குப் பழைய பஞ்சாயத்து இப்போது அங்கேதான் நடக்கிறது. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது; பெண்களும் குழந்தைகளும் வருமானம் எவ்வளவாயினும் இலவச வழக்கறிஞர் பெறலாம். கூலிக்காரப் பெண்ணுக்கு 1939 இல் திறந்த வாசல் உண்மையில் பயன்பட்டது இதற்குப் பிறகே என்று சொல்லலாம். 1984 ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த குடும்ப நீதிமன்றங்களில் சமரசமே முதல் வேலை. வக்கீல் வைத்துக்கொள்வது அங்கே உரிமையன்று, நீதிமன்றத்தின் அனுமதி.

குழந்தை விஷயத்தில் ஹனஃபி மரபு மகனை ஏழு வயது வரையும் மகளைப் பருவம் எய்தும் வரையும் தாயிடம் விடுகிறது. இந்துக்களுக்கான 1956 ஆம் ஆண்டுச் சட்டம் ஐந்து வயது வரை தாயிடம் என்கிறது. இரண்டுக்கும் மேலே கோர்ட்டு வைப்பது குழந்தையின் நலன்.

காஜியின் சீட்டுக்கு வந்த சோதனை சென்னை உயர் நீதிமன்றத்தில். பள்ளிவாசல் வளாகங்களில் கோர்ட்டுப் போல் நடக்கும் மன்றங்கள் இயங்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் உத்தரவு வந்தது. வழக்கறிஞரும் முன்னாள் சட்டமன்ற உறுப்பினருமான பதர் சயீத் தொடுத்த வழக்கில், காஜிகள் தரும் தலாக் சான்று கருத்து மட்டுமே, கோர்ட்டு நடவடிக்கைகளில் சட்ட மதிப்பு இல்லை என்று 2017 ஜனவரியில் இடைக்கால ஆணை பிறந்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் ஒரே மூச்சில் சொல்லும் முத்தலாக்கை ஷாயரா பானோ வழக்கில் உச்ச நீதிமன்றம் செல்லாததாக்கியது. 2019 இல் அது மூன்றாண்டு வரை சிறைக்குரிய குற்றமாயிற்று. ஷரீஅத் கவுன்சில் கொடுத்த குலா (மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவு) சான்றைச் சென்னை உயர் நீதிமன்றம் 2023 இல் ரத்து செய்து, குலா கோரும் பெண் குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்றது. தலாக்கை மனைவி மறுத்தால் அது நடந்ததென்று கோர்ட்டில் நிரூபிக்கும் பொறுப்பு கணவனுடையது என்று 2024 இல் மதுரைக் கிளை தீர்ப்பளித்தது.

2019 இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது: ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூருக்கு, மேல்விஷாரம் ராணிப்பேட்டைக்கு, பேர்ணாம்பட்டு வேலூரிலேயே. பேர்ணாம்பட்டுப் பெண் ஆம்பூரில் வாழ்க்கைப்பட்டால் இப்போது இரு மாவட்டக் கோர்ட்டுகள் குறுக்கிடுகின்றன. இந்து திருமணச் சட்டத்தில் 2003 இல் வந்த திருத்தத்தால் மனைவி தான் குடியிருக்கும் ஊரிலேயே மனுப்போடலாம். ஜீவனாம்ச மனுவுக்கும் அந்த வசதி உண்டு. 2009 முதல் எம்மதத் திருமணமும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதியப்பட வேண்டும் என்பது மாநிலச் சட்டம். தஃப்தரின் நகலும் சபைப் பதிவேட்டின் நகலும் அங்கே திருமணம் நடந்ததற்கு ஆதாரமாக ஏற்கப்படுகின்றன. முறிவுக்கு ஆதாரமாவது கோர்ட்டுத் தீர்ப்பு.