கடும் ஒவ்வாமை ஆஸ்துமா: சிகிச்சைப் பலனைக் கணிக்கும் உயிர்க்குறிப்பான்கள்

கடும் ஒவ்வாமை ஆஸ்துமா உள்ள ஒருவருக்கு எந்த மருந்து கேட்கும் என்பதைச் சிகிச்சை தொடங்கும் முன்பே கணிக்க உதவும் அளவீடுகள் உயிர்க்குறிப்பான்கள் எனப்படும். ஐ.ஜி.ஈ. எதிர்ப்பொருளின் அளவு, இரத்தத்திலும் சளியிலும் உள்ள ஈசினோபில் வெள்ளணுக்கள், வெளிவிடும் மூச்சிலுள்ள நைட்ரிக் ஆக்சைடு ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. உயர்ந்த அளவில் இன்ஹேலர் ஸ்டீராய்டை முறையாக எடுத்தும் இளைப்பு அடங்காதவர்களுக்கே இவை பெரிதும் தேவை. அவர்களுக்கான உயிரியல் மருந்துகள் விலை மிகுந்தவை. மாதக்கணக்கில் தொடர வேண்டியவை.

தொடக்கம்

ஈசினோபில்களை 1879இல் ஜெர்மானிய அறிஞர் பால் எர்லிக் சாயமேற்றி அடையாளம் கண்டார். 1921இல் கார்ல் பிராஸ்னிட்ஸ், மீன் ஒவ்வாமை கொண்ட ஹைன்ஸ் கியூஸ்ட்னரின் இரத்தச் சீரத்தைத் தம் தோலில் செலுத்திக்கொண்டு, ஒவ்வாமையைத் தூண்டும் பொருள் சீரத்தில் இருப்பதை மெய்ப்பித்தார். அப்பொருளை 1960களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் இஷிசாகா தம்பதியரும், ஸ்வீடனில் ஜோஹான்சன், பென்னிச் ஆகியோரும் தனித்தனியே கண்டறிந்தனர். 1968இல் அதற்கு ஐ.ஜி.ஈ. என்று பெயர் சூட்டப்பட்டது.

சிகிச்சைப் பலனைக் கணிக்கும் சிந்தனைக்கு முன்னோடி இங்கிலாந்து மருத்துவர் ஹாரி மோரோ பிரவுன். சளியில் ஈசினோபில்கள் உள்ளவர்களுக்கே பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு நன்கு வேலை செய்கிறது என்று 1958இல் அவர் எழுதினார். கனடாவின் ஹாமில்டனில் உப்புநீர் ஆவியால் சளியை வரவழைத்துச் சோதிக்கும் முறை 1990களில் செம்மைப்பட்டது. ஆஸ்துமா நோயாளிகளின் மூச்சில் நைட்ரிக் ஆக்சைடு கூடுதலாக இருப்பதை ஸ்வீடன் ஆய்வாளர்கள் 1993இல் காட்டினர். சளியின் ஈசினோபில்களைப் பார்த்து மருந்தளவை மாற்றினால் கடும் தாக்குதல்கள் குறைகின்றன என்பதை இங்கிலாந்தின் லெஸ்டர் ஆய்வு 2002இல் நிறுவியது.

ஓமாலிசுமாப்

ஐ.ஜி.ஈ.யைப் பிடித்து முடக்கும் ஓமாலிசுமாப், ஆஸ்துமாவுக்கான முதல் உயிரியல் மருந்தாக 2003இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. உடல் எடையையும் மொத்த ஐ.ஜி.ஈ. அளவையும் கொண்டே இதன் அளவு முடிவாகிறது. ஆனால் மருந்தின் அளவைச் சொல்லும் ஐ.ஜி.ஈ., அதன் பலனைச் சொல்வதில்லை. மேலும், மருந்தோடு பிணைந்த ஐ.ஜி.ஈ. உடலிலிருந்து மெதுவாகவே நீங்குவதால், சிகிச்சை தொடங்கியபின் மொத்த அளவு ஏறிவிடும். அதை வைத்து முன்னேற்றத்தை மதிப்பிட முடியாது.

ஓமாலிசுமாப்பைச் சோதித்த எக்ஸ்ட்ரா ஆய்வின் 2013ஆம் ஆண்டுப் பகுப்பாய்வு வேறு அளவீடுகளைச் சோதித்தது. நைட்ரிக் ஆக்சைடு மிகுந்தவர்களிடம் தாக்குதல்கள் 53 விழுக்காடு குறைந்தன. அது குறைவாக இருந்தவர்களிடம் 16 விழுக்காடே. ஈசினோபில் கணக்கில் இவை முறையே 32, 9 விழுக்காடு. ஆயினும் 872 நோயாளிகளைக் கொண்ட பிரான்சின் ஸ்டெல்லேர் ஆய்வு (2018), ஈசினோபில் கூடினாலும் குறைந்தாலும் பலன் ஏறத்தாழ ஒன்றே எனக் கண்டது.

தேர்வின் பாடம்

ஈசினோபில்களை வளர்க்கும் இன்டர்லூகின்-5ஐத் தடுக்கும் மெபோலிசுமாப்பை, ஈசினோபில் அளவைப் பாராமல் கொடுத்துப் பார்த்த 2007ஆம் ஆண்டு ஆய்வு ஏமாற்றமளித்தது. சளியில் ஈசினோபில் நீடித்தவர்களுக்கு மட்டும் அதே மருந்தைக் கொடுத்தபோது தாக்குதல்கள் குறைந்தன என்று லெஸ்டர், ஹாமில்டன் குழுக்கள் 2009இல் அறிவித்தன. 2015இல் மருந்துக்கு அனுமதி கிடைத்தது. பெரியோஸ்டின் என்ற புரதத்தின் கதை இதற்கு நேர்மாறு. 2011இல் லெப்ரிகிசுமாப் மருந்தின் பலனை அது காட்டும் என்று நம்பிக்கை எழுந்தது. 2016இல் வெளிவந்த பெரிய ஆய்வுகள் அந்த நம்பிக்கையைத் தாங்கவில்லை.

வரம்புகளும் இன்றைய நிலையும்

ஸ்டீராய்டு மாத்திரை ஈசினோபிலைக் குறைத்துக் காட்டும். புகைப்பழக்கம் நைட்ரிக் ஆக்சைடைக் குறைக்கும். குடற்புழுத் தொற்று ஐ.ஜி.ஈ.யையும் ஈசினோபிலையும் உயர்த்தும் என்பதால், வெப்பமண்டல நாடுகளில் தனிக் கவனம் வேண்டும். ஆகவே ஒரே ஒரு சோதனை முடிவைக் கொண்டு ஒருவருக்கு மருந்தை மறுப்பது முறையன்று. குறிப்பான்கள் மருந்தைத் தேர்ந்தெடுக்கத் துணை செய்யும். ஆனால் ஓமாலிசுமாப்பைத் தொடர்வதா நிறுத்துவதா என்பதை, 16 வாரச் சிகிச்சைக்குப் பின் நோயாளியின் நிலையைப் பார்த்து மருத்துவர் முடிவு செய்வதே ஐரோப்பிய நடைமுறை.