ஓர் ஊரில் ஒரு பள்ளிக்கூடம்

1841ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணம் வெஸ்லியன் மிஷன் ஆங்கிலப் பாடசாலையின் தலைவர் பீற்றர் பேர்சிவல், அங்கேயே படித்துத் தேறிய நல்லூர் இளைஞர் ஒருவரை ஆசிரியராக அமர்த்தினார். இளைஞருக்கு இருபது வயதுகூட நிரம்பவில்லை. மேல் வகுப்புகளுக்குத் தமிழும் கீழ் வகுப்புகளுக்கு ஆங்கிலமும் படிப்பிப்பது அவர் வேலை. பின்னாளில் ஆறுமுக நாவலர் என்று தமிழுலகம் அறிந்தவர் அவர்தான். சைவத்துக்கும் தமிழ் அச்சுக்கும் அவர் செய்த தொண்டை எல்லாரும் பேசுகிறார்கள். சின்னப் பிள்ளைகளுக்கு அவர் ஆங்கிலம் சொல்லிக் கொடுத்ததை நினைப்பவர் குறைவு.

கீழ் வகுப்பு ஆங்கிலத்தில் பிள்ளைகள் தடக்கி விழும் இடங்களில் ஒன்று 'ஏ', 'ஆன்' என்னும் இரண்டு சின்னச் சொற்கள். 'ஏ புக்', ஆனால் 'ஆன் எக்'. உயிரொலிக்கு முன் 'ஆன்', மெய்யொலிக்கு முன் 'ஏ'. இதைப் படிப்பித்த அதே நாவலர் 1851இல் நன்னூல் விருத்தியுரையை அச்சேற்றினார். 'ஒன்று' என்னும் எண்ணுப்பெயர் மெய்க்கு முன் 'ஒரு' என்றும் உயிருக்கு முன் 'ஓர்' என்றும் ஆகும் என்பது நன்னூலின் புணர்ச்சி விதி. ஒரு வீடு, ஓர் ஊர். இரண்டும் அப்படியே: இருவகை, ஈராண்டு. ஆக, ஆங்கிலப் பிள்ளைக்கும் தமிழ்ப் பிள்ளைக்கும் விதி ஒன்றே, காரணமும் ஒன்றே. இரண்டு உயிரொலிகள் ஒட்டி வரும்போது நா இடறாமல் இருக்க நடுவில் ஒரு மெய் வேண்டும்.

பிறப்பும் ஒன்றுதான். பழைய ஆங்கிலத்தில் 'ஆன்' என்றால் ஒன்று என்ற எண். காலப்போக்கில் மெய்யொலிக்கு முன் னகரம் தேய்ந்து 'ஏ' நின்றது. அந்தத் தேய்மானத்தில் ஆங்கிலேயரே குழம்பியிருக்கிறார்கள். சமையல்காரர் இடுப்பில் கட்டும் துணிக்கு முன்பு 'நேப்ரன்' என்று பெயர். 'ஏ நேப்ரன்' என்று ஒருவர் சொன்னது மற்றவர் காதில் 'ஆன் ஏப்ரன்' என விழுந்தது. இன்று எல்லாரும் 'ஏப்ரன்' என்கிறார்கள். 'ஆடர்' என்ற பாம்பும் அப்படியே தன் முதல் னகரத்தை இழந்தது. பட்டப்பெயரைக் குறிக்கும் 'நிக்நேம்' மறுபக்கமாக, 'ஆன்'இலிருந்த னகரத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

வாத்தியார்மார் பிள்ளைகளுக்குச் சொல்லும் சூத்திரம் ஐந்து உயிரெழுத்துகளைப் பற்றியது: ஏ, ஈ, ஐ, ஓ, யூ. பிழை தொடங்குவதும் அங்கேதான். விதி எழுத்துக்கு உரியதன்று, ஒலிக்கு உரியது. மணித்தியாலத்தைக் குறிக்கும் சொல்லை 'எச்' போட்டு எழுதினாலும் வாய் 'அவர்' என்றே சொல்கிறது, ஆகவே 'ஆன்'. பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் சொல் 'யூ' என்ற உயிரெழுத்தில் தொடங்கினாலும் காதில் விழுவது யகரம், ஆகவே 'ஏ யூனிவர்சிற்றி'. ஒருவழிப் பாதை 'ஏ வன்-வே றோட்'. இவற்றை ஆங்கில எழுத்தில் பார்த்தால் மயக்கம் வருகிறது. தமிழ் எழுத்தில் எழுதிப் பாருங்கள்: அவர், யூனிவர்சிற்றி, வன். முதல் எழுத்து உயிரா மெய்யா என்று கண்ணே சொல்லிவிடும்! ஆங்கிலேயப் பிள்ளைக்கு அந்த மொழியின் எழுத்து மறைக்கும் ஒன்றை யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து காட்டிக் கொடுக்கிறது.

நாவலர் காலத்தில் ஆங்கிலேயரின் வழக்கமும் முழுதாக உறுதிப்படவில்லை. பேர்சிவல் விவிலியத்தைத் தமிழாக்கியபோது நாவலர் துணைநின்றார். 1850இல் அது சென்னையில் அச்சாயிற்று. அன்று ஆங்கிலக் கிறிஸ்தவர் கையில் இருந்த 1611ஆம் ஆண்டு விவிலியம் நூறு என்ற சொல்லுக்கு முன் 'ஆன்' போடுகிறது. இன்றைய பிள்ளை 'ஏ ஹண்ட்ரட்' என்றே எழுத வேண்டும். ஐரோப்பியர் ஒருவரைச் சொல்ல 'ஆன் யூரோப்பியன்' என எழுதியவர்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டிலும் இருந்தார்கள். 'ஹிஸ்ரோறிக்கல்' என்ற சொல்லுக்கு முன் எது வரவேண்டும் என்ற வழக்கு இன்றும் தீரவில்லை.

யாழ்ப்பாணத் தீபகற்பத்தில் இரு மொழிகளையும் பக்கம்பக்கமாக வைத்த பெரிய முயற்சி வட்டுக்கோட்டையில் நடந்தது. 1816இல் வந்திறங்கிய அமெரிக்க மிஷனரிமார் 1823இல் அங்கே செமினரியைத் தொடங்கினார்கள். முதல் அதிபர் டானியல் பூர். ஆங்கிலத்தோடு தமிழிலக்கியமும், தெரிந்தெடுத்த சிலருக்குச் சமஸ்கிருதமும் என்பது தொடக்கத் திட்டத்திலேயே இருந்தது. அங்கே படித்த ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் ஆகிய தமிழர் இருவர் 1841இல் 'உதயதாரகை' பத்திரிகையை நடத்தத் தொடங்கினர். தமிழும் ஆங்கிலமும் அதில் சேர்ந்தே வந்தன. 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளான சி. வை. தாமோதரம்பிள்ளையும் கறோல் விசுவநாதபிள்ளையும் வட்டுக்கோட்டை மாணவர்களே. தாமோதரம்பிள்ளை பின்னர் தொல்காப்பியத்தையும் கலித்தொகையையும் பதிப்பித்தார். ஆங்கிலம் படித்தால் தமிழ் போய்விடும் என்பவர்களுக்கு இந்த ஒரு பெயரே போதும்.

செமினரி 1855இல் மூடப்பட்டது. அமெரிக்க மிஷனின் தலைமைச் சபை தாய்மொழிக் கல்வியின் பக்கம் திரும்பியதும், ஆங்கிலம் படித்த மாணவர் உத்தியோகம் தேடிப் போனதும் அதற்குக் காரணங்கள். மானிப்பாயில் மருத்துவம் படிப்பித்த சாமுவேல் கிறீனும் 1864 முதல் தமிழிலேயே படிப்பித்தார். ஊர் மக்களோ ஆங்கிலத்தை விடவில்லை. 1872இல் யாழ்ப்பாணக் கல்லூரி எழுந்தது. அதே ஆண்டில் நாவலரே வண்ணார்பண்ணையில் சைவ ஆங்கிலப் பாடசாலை ஒன்றைத் திறந்தார், அது நெடுநாள் நிலைக்கவில்லை. 1890இல் இந்துக் கல்லூரி வந்தது. கொழும்புக் கந்தோர்களுக்கும் மலாயாவின் றெயில்வேக்கும் இலிகிதர்கள் இங்கிருந்து போனார்கள். விண்ணப்பக் கடிதம் பிழையில்லாமல் இருப்பது ஒரு குடும்பத்தின் வயிற்றுப்பாடாக இருந்த காலம் அது. பட்டத்தைக் குறிப்பிடும்போதும் காதைத்தான் கேட்க வேண்டும்: 'ஏ பி.ஏ.', ஆனால் 'ஆன் எம்.ஏ.'. பள்ளிப் பரீட்சைகளிலும் அப்படியே: ஜே.எஸ்.சி.க்கு முன் 'ஏ', எஸ்.எஸ்.சி.க்கு முன் 'ஆன்'.

'ஏ'யா 'ஆன்'ஆ என்பது உண்மையில் சின்னச் சிக்கல். பெரிய சிக்கல், அங்கே ஏதாவது போட வேண்டுமா என்பது. 'புத்தகம் வாங்கினேன்' என்றால் தமிழில் அது நிறைவான வசனம். ஆங்கிலத்தில் அந்த இடம் வெறுமையாக இருக்க முடியாது. மறுபக்கம், 'ஒரு பத்துப் பேர் வந்தவை' என்று யாழ்ப்பாணத்தில் சொன்னால் ஏறக்குறையப் பத்துப் பேர் என்று பொருள். ஆங்கிலத்தின் 'ஏ' அந்த வேலையைச் செய்யாது. தளபாடம், தகவல், புத்திமதி ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்கள் எண்ணிக்கைக்கு அடங்காதவை, அவற்றின் முன் 'ஏ'யும் வராது, 'ஆன்'உம் வராது. 'ஒரு புத்திமதி சொல்லுறன்' என்று இயல்பாகப் பேசும் பிள்ளை அங்கே பிழைவிடுவது அறிவுக்குறைவால் அன்று. தன் மொழியின் ஒழுங்கை அது கொண்டுபோகிறது. போர்த்துக்கேயரிடமிருந்து அலுமாரியும் வாங்கும் சப்பாத்தும், ஒல்லாந்தரிடமிருந்து கந்தோரும் லாச்சியும் யாழ்ப்பாணத் தமிழுக்கு வந்தன. அந்த மொழிகளிலும் பெயருக்கு முன் நிற்கும் சின்னச் சொற்கள் உண்டு. அவற்றில் எதையும் தமிழ் ஏற்கவில்லை, தேவையும் இருக்கவில்லை.

இந்த வேறுபாட்டைப் பிள்ளைக்குத் தமிழில் விளக்கினால் ஐந்து நிமிஷத்தில் புரியும். ஆனால் ஆங்கில வகுப்பில் தமிழ் பேசக்கூடாது என்ற கட்டுப்பாடு பல காலமாகப் பள்ளிகளில் இருந்துவருகிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் போர்க்காலத்தில் ஆங்கிலம் படிப்பித்த சுரேஷ் கனகராஜா, யாழ்ப்பாணத்து ஆங்கில வகுப்புகளில் ஆசிரியரும் மாணவரும் தமிழுக்கு மாறிமாறிப் பேசுவதை ஆராய்ந்து 1995இல் கட்டுரை எழுதினார். அந்த மாற்றம் வகுப்புக்குப் பயன்படுகிறது என்பது அவர் கண்டது. 1999இல் ஒக்ஸ்போர்ட் வெளியிட்ட அவருடைய நூல், அமெரிக்கப் பாடநூல் ஒன்றின் ஓரங்களில் அவருடைய மாணவர்கள் எழுதியவற்றையும் வரைந்தவற்றையும்கூட ஆராய்கிறது.

யாழ்ப்பாணத்தில் இன்று ஆங்கிலம் படிப்பிக்கும் ஆசிரியர்கள் 'ஏ', 'ஆன்' பாடத்தை ஐந்து எழுத்துகளின் பட்டியலில் தொடங்க வேண்டியதில்லை. கரும்பலகையில் முதலில் 'ஒரு வீடு, ஓர் ஊர்' என்று எழுதுங்கள். ஆங்கிலச் சொற்களைத் தமிழ் எழுத்தில் அதன் கீழே எழுதுங்கள். பிள்ளைகளை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள்.