பெட்டிகளை இணைத்த கோடு

உங்களில் பலர் கணினிப் பாடத்தில் பெட்டி பெட்டியாக வரைந்து, நடுவே கோடு போட்டு, கோட்டின் முனையில் காக்கைக் கால் மாதிரி மூன்று விரல் வைத்திருப்பீர்கள். ஒரு டேட்டாபேஸின் அட்டவணைகள் எப்படித் தொடர்புபட்டிருக்கின்றன என்று காட்டும் படம் அது. மார்க்குக்காக மனப்பாடம் செய்கிற அந்தப் படத்துக்கு நல்ல கதை ஒன்று இருக்கிறது.

1960களில் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் சார்ல்ஸ் பாக்மன் என்பவர் ஐ.டி.எஸ். என்ற முன்னோடி டேட்டாபேஸை உருவாக்கினார். அதில் ஒரு பதிவிலிருந்து அடுத்ததற்குச் சங்கிலி பிடித்துத்தான் போகவேண்டும். வழி தெரிய வரைபடம் வேண்டுமல்லவா? பெட்டியும் அம்புக்குறியும் கொண்ட தன் படமுறையை 1969இல் வெளியிட்டார்.

அடுத்த வருடமே, ஐ.பி.எம்.மில் இருந்த எட்கர் காட் என்ற ஆங்கிலேயர், சங்கிலி வேண்டாம், எல்லாவற்றையும் அட்டவணையாக வைக்கலாம் என்றார். உங்கள் தமிழ்ப் பள்ளி நூலகத்தையே எடுங்கள். மாணவர் அட்டவணை ஒன்று, புத்தக அட்டவணை ஒன்று. மூன்றாவதில் 'மாணவர் 12, புத்தகம் 40' என்று ஒரு வரி போட்டால் இரவல் பதிவாகிவிடும். அருமையான யோசனைதான். ஆனால் உறவுகள் எண்களுக்குள் ஒளிந்துகொண்டன. ஐம்பது அட்டவணைகளைப் பரப்பி வைத்தால் எது எதோடு சேரும் என்று கண்ணுக்குத் தெரியாது.

தாய்வானில் பிறந்து ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்ற பீட்டர் சென், 1976இல் எம்.ஐ.டி.யில் இருந்தபோது இதற்கு ஒரு படம் கொடுத்தார். பொருள்களுக்குச் செவ்வகம், உறவுக்குச் சாய்சதுரம். உறவுக்கென்று தனி உருவம் கொடுத்ததுதான் இதில் பெரிய விஷயம் என்பேன். புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய தேதியை எங்கே எழுதுவீர்கள்? மாணவரிடம் எழுதினால், அவர் மூன்று புத்தகம் எடுத்திருக்கலாம். புத்தகத்தில் எழுதினால், அது பலர் கைக்குப் போகும். அந்தத் தேதி 'இரவல்' என்ற உறவுக்குச் சொந்தம். (காக்கைக் கால் கோர்டன் எவரெஸ்ட் கொண்டுவந்தது. 'பல' என்று அர்த்தம்.)

தன் படங்களுக்கும் சீன எழுத்துகளுக்கும் உள்ள ஒற்றுமையை 2002இல் சென்னே எழுதினார். சீனத்தில் சூரியனையும் நிலாவையும் சேர்த்து எழுதினால் 'பிரகாசம்'.

நம் பல குடும்பங்களில் அப்பாவின் பெயர்தான் பிள்ளைக்குக் கடைசிப் பெயர். ஆகவே அப்பாவின் கடைசிப் பெயர் வேறு, என்னுடையது வேறு. நான் படித்த ஒரு பள்ளியின் கணினிக்குக் கடைசிப் பெயர் ஒன்றானால்தான் ஒரே குடும்பம். ஒவ்வொரு வருடமும் அப்பா அலுவலகத்துக்கு வந்து, தான்தான் அப்பா என்று சொல்லவேண்டியிருந்தது. அந்த டேட்டாபேஸை வரைந்தவர் ஆளுக்கும் ஆளுக்கும் நடுவே 'பெற்றோர்' என்று ஒரு கோடு போட்டிருந்தால் போதும்.

உங்கள் குடும்பத்தை வரைந்து பாருங்கள். அப்பாவின் அண்ணன் பெரியப்பா, தம்பி சித்தப்பா. இருவருக்கும் தனிக் கோடு தேவையில்லை. பெற்றோர் கோடும், ஆணா பெண்ணா என்பதும், பிறந்த தேதியும் இருந்தால் கணினியே கண்டுபிடித்துவிடும். அம்மாவின் அண்ணன் தம்பியான மாமாவும் அப்படியே. அவர் மனைவி மாமிக்குத்தான் 'திருமணம்' என்று இன்னொரு சாய்சதுரம் வேண்டும். கல்யாணத் தேதியை அதற்குள் எழுதுங்கள்.