சுவரும் நிழலும் படமாகுமா? அரூப ஒளிப்படக் கலையின் கதை



முதலில் என் தவறு ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி காட்சிக் கலைக்கல்விக்கான தன் தொகுப்பில் ஒரு படம் வைத்திருந்தாள். ஜார்ஜ்டவுன் பழைய கடைவீடு ஒன்றின் அஞ்சடியில், சுண்ணாம்பு உரிந்த சுவரை ரொம்பக் கிட்டே போய் எடுத்த படம். நீலம், அதற்கு அடியில் மஞ்சள், அதற்கும் அடியில் செங்கல். ஆள் இல்லை, கதவு இல்லை, பெயர்ப்பலகை இல்லை. "இதுல என்னம்மா இருக்கு? சுவர்தானே?" என்று கேட்டுக் குறைவான மதிப்பெண் போட்டுவிட்டேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த முறை பாலத்தை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அந்தக் கேள்விக்கு உலகம் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பதில் தேடத் தொடங்கிவிட்டது என்பது அன்று எனக்குத் தெரியாது. உங்கள் வகுப்பில் இதே தவறு நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

சொல்லின் பொருள்

'அரூபம்' என்றால் உருவம் இல்லாதது. மலாயில் 'அப்ஸ்ட்ராக்' என்கிறோம். ஓவியத்தில் இது எளிது. ஓவியர் எதையும் பார்க்காமலே கோடும் வண்ணமும் தீட்டலாம். கேமராவுக்கு முன்னால் ஏதாவது ஒன்று இருந்தாக வேண்டும். அப்படியானால் ஒளிப்படம் எப்படி அரூபமாகும்? இங்கேதான் மாணவர்கள் தடுமாறுகிறார்கள். கலங்கலாக எடுத்தால் அரூபம் என்று எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. படத்தில் இருப்பது என்ன பொருள் என்பது பின்னுக்குப் போய், கோடு, வடிவம், ஒளி, இழைநயம் ஆகியவையே படத்தின் பொருளாக ஆகிவிடுவதுதான் அரூபம். மிகத் தெளிவான படமும் அரூபமாக இருக்கலாம். என் மாணவியின் சுவர் அப்படித்தான் இருந்தது.

பினாங்கில் தொடங்குவோம்

ஒளிப்படக் கலை 1839இல் ஐரோப்பாவில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. கால் நூற்றாண்டுகூட ஆகவில்லை, அது பினாங்குக்கு வந்துவிட்டது. ஸ்காட்லாந்துக்காரரான ஜான் தாம்சன் 1862 வாக்கில் சிங்கப்பூருக்கு வந்து, பிறகு பினாங்கில் பத்து மாத காலம் தங்கிப் படமெடுத்தார். 1875இல் வெளியான தம் பயண நூலில் ஒரு செய்தியைக் குறிப்பிடுகிறார். பினாங்கில் அவருக்குப் படம் அச்சிடும் வேலையைச் செய்து உதவியவர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து வந்த இரண்டு இளைஞர்கள். அவரே அவர்களுக்குப் பயிற்சி கொடுத்திருக்கிறார்.

அந்த வேலை எப்படிப்பட்டது தெரியுமா? அன்றைக்கு இருட்டறையில் விளக்குப் போட்டு அச்சிடும் முறை இல்லை. முட்டை வெண்கருவும் வெள்ளி உப்பும் பூசிய தாளைக் கண்ணாடி நெகட்டிவுக்கு அடியில் வைத்து, சட்டத்தில் இறுக்கி, வெயிலில் காட்ட வேண்டும். வெயில் பட்ட இடம் கறுக்கும், மறைந்த இடம் வெளுப்பாக நிற்கும். சரியான நேரத்தில் எடுத்துவிட வேண்டும். மேகம் வந்தால் காத்திருக்க வேண்டும். நம் ஊர் வெயிலையே மையாக வைத்து வேலை செய்தவர்கள் அவர்கள். ஒளியும் மறைப்பும் சேர்ந்தால் படம் என்ற இந்த அடிப்படையை மறக்காதீர்கள். அரூப ஒளிப்படத்தின் பாதிக் கதை இதிலேயே அடங்கியிருக்கிறது.

தஞ்சாவூரின் 21 படங்கள்

இப்போது கடல் தாண்டித் தஞ்சாவூருக்குப் போவோம். கேப்டன் லின்னேயஸ் டிரைப் சென்னை மாகாண அரசின் ஒளிப்படக்காரராக இருந்தார். 1857 இறுதியில் புறப்பட்டு, 1858இல் ஸ்ரீரங்கம், மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று மாட்டுவண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயிலில் அவர் செய்த ஒரு வேலை வியப்பானது. விமானத்தின் அடிப்பகுதியில் ஓடும் தமிழ்க் கல்வெட்டுகளைத் துண்டு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, ஏறக்குறைய 19 அடி நீளமுள்ள ஒரே சுருளாக ஆக்கினார்.

1010இல் முதலாம் இராசராசன் குடமுழுக்குச் செய்த கோயிலின் எழுத்து அது. அந்தக் கல்வெட்டுகளை ஹுல்ட்ஸ் படித்து நூலாக வெளியிடத் தொடங்கியது 1891இல்தான். அதற்கு 33 ஆண்டுகளுக்கு முன்பே கேமரா அவற்றைப் பார்த்துவிட்டது.

அந்தச் சுருளை இன்று பார்ப்பவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. அவர்கள் கண்ணுக்கு அது கல்லின் மேல் ஓடும் கோடுகளின் தாளம். வெளிச்சமும் பள்ளமும் மாறி மாறி வரும் ஒரு நீண்ட கோலம். அப்படியானால் டிரைப் அரூப ஒளிப்படக் கலைஞரா? இல்லை. இதைத் தேர்வில் கவனமாக எழுதுங்கள். அவர் எடுத்தது ஆவணம். பிற்காலத்துக் கண்கள் அதில் அரூப அழகைக் காண்கின்றன, அவ்வளவுதான். படைப்பவரின் நோக்கம் வேறு, பார்ப்பவரின் அனுபவம் வேறு. இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்த மாணவருக்கே உயர்ந்த மதிப்பெண்.

டிரைப்பின் முடிவு சோகமானது. 1859இல் ஆளுநராக வந்த சார்ல்ஸ் டிரெவெல்யன் இந்த ஒளிப்படப் பிரிவு ஆடம்பரச் செலவு என்று கருதினார். பிரிவு மூடப்பட்டது. டிரைப் படைப்பணிக்குத் திரும்பினார். 'வீண் செலவு' என்று ஒதுக்கப்பட்ட அதே படங்களுக்கு 2014, 2015இல் வாஷிங்டன், நியூயார்க், லண்டன் அருங்காட்சியகங்கள் தனிக் கண்காட்சி நடத்தின.

நோக்கத்தோடு பிறந்த அரூபம்

நோக்கத்தோடு, பெயர் சொல்லி, அரூப ஒளிப்படம் வேண்டும் என்று கேட்டவர் ஆல்வின் லாங்டன் கோபர்ன். 1916இல் எழுதிய கட்டுரையில், அரூப ஒளிப்படங்களுக்கென்றே ஒரு கண்காட்சி நடத்தலாமே என்று கேட்டார். ஓவியர்கள் பழைய மரபை உடைத்து முன்னே போய்விட்டார்கள், நாம் மட்டும் ஏன் பின்தங்க வேண்டும் என்பது அவர் ஆதங்கம். கேட்டதோடு நிற்கவில்லை. மூன்று கண்ணாடிகளை முக்கோணமாகக் கட்டி, கேமராவை அதன் வழியே பார்க்க வைத்தார். பொருள்கள் உடைந்து, பெருகி, வெறும் கோணங்களாக ஆயின. 'வோர்ட்டோகிராஃப்' எனப்பட்ட அந்தப் படங்கள் 1917இல் லண்டன் கேமரா கிளப்பில் வைக்கப்பட்டன.

இதற்குப் பிறகு வளர்ந்ததை மூன்று வழிகளாகப் பிரித்து நினைவில் வையுங்கள்.

முதல் வழி: கிட்டே போவது, வெட்டி எடுப்பது. அமெரிக்கரான பால் ஸ்ட்ராண்ட் 1916இல் திண்ணையில் விழுந்த நிழல்களையும் கிண்ணங்களையும் மிக நெருக்கத்தில் எடுத்தார். ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் 1922இல் மேகங்களை எடுக்கத் தொடங்கினார். அடிவானம் இல்லாததால் எது மேல், எது கீழ் என்றுகூடத் தெரியாது. 1940களில் ஆரன் சிஸ்கிண்ட் உரிந்த சுவர்களையும் கிழிந்த சுவரொட்டிகளையும் எடுத்தார். அதைப் படித்தபோதுதான் என் மாணவி நினைவுக்கு வந்தாள்.

இரண்டாம் வழி: கேமராவே இல்லாமல் எடுப்பது. அன்னா அட்கின்ஸ் 1843இல் கடற்பாசிகளை நீலத்தாள் மீது வைத்து வெயிலில் காட்டிப் படமாக்கினார். அது தாவரவியல் ஆவணம். அதே முறையை 1919இல் கிறிஸ்டியன் ஷாட், 1922இல் மேன் ரே, மொஹொலி-நாகி ஆகியோர் கலைக்காகக் கையில் எடுத்தார்கள்.

மூன்றாம் வழி: ஒளியையும் கருவியையும் மாற்றி ஆள்வது. கோபர்னின் கண்ணாடிகள் இதற்கு எடுத்துக்காட்டு.

இந்தியாவிலிருந்து ஒரு பெயர் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும்: நஸ்ரீன் முகமதி. 1937இல் கராச்சியில் பிறந்தவர். பரோடா பல்கலைக்கழகத்தில் கலை கற்பித்த ஆசிரியை. சாலைக் கோடுகள், தறியில் நிற்கும் நூல்கள், கடலோர மணல், கட்டடங்களின் நிழல் ஆகியவற்றைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தார். அவர் கோட்டோவியங்களைக் காட்சிக்கு வைத்தாரே தவிர, வாழ்ந்த காலத்தில் இந்த ஒளிப்படங்களை வைக்கவில்லை. 1990இல் காலமானார். 2016இல் நியூயார்க்கில் மெட் பிரயர் அருங்காட்சியகம் திறக்கப்பட்டபோது, தொடக்கக் கண்காட்சிகளில் ஒன்றே அவருடையதுதான்.

சேகரிப்பாளர் எதைப் பார்க்கிறார்?

"டீச்சர், படத்தை எத்தனை காப்பி வேணும்னாலும் போடலாமே, அப்புறம் ஏன் விலை?" என்று மாணவர் கேட்பார். நல்ல கேள்வி. ஓவியம் ஒன்றே ஒன்று. நெகட்டிவிலிருந்து நூறு அச்சு போடலாம். அதனால்தான் சேகரிப்பாளர்கள் வேறு சில விஷயங்களைப் பார்க்கிறார்கள். எடுத்த காலத்திலேயே போட்ட அச்சா, பின்னால் போட்டதா? மொத்தம் எத்தனை அச்சு என்று கலைஞர் வரம்பு வைத்தாரா? கையெழுத்து உண்டா? யார் யார் கைமாறி வந்தது? தாள் எந்த நிலையில் இருக்கிறது?

விலையையும் பாருங்கள். ஆண்ட்ரியாஸ் குர்ஸ்கியின் 'ரைன் 2' 1999இல் உருவான படம். ஆறு, புல், வானம் மட்டும் பட்டை பட்டையாகத் தெரியும். கரையில் இருந்த கட்டடத்தைக் கணினியில் நீக்கிவிட்டார். 2011இல் நியூயார்க் ஏலத்தில் அது ஏறக்குறைய 4.3 மில்லியன் அமெரிக்க டாலருக்கு விற்றது. ஆனால் விலை உயர்ந்ததெல்லாம் உயர்ந்த கலை என்று எழுதிவிடாதீர்கள். சந்தை சொல்வது வேறு, வரலாறு சொல்வது வேறு. நஸ்ரீன் ஒரு படத்தைக்கூட விற்பனைக்கு நினைத்து எடுத்ததாகத் தெரியவில்லை.

நம் பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. குளுகோரில் 1940இல் பிறந்த இஸ்மாயில் ஹாஷிம், மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர், 2013இல் மறைந்தார். சைக்கிள் இருக்கைகள், அஞ்சல் பெட்டிகள் போன்ற சாதாரணப் பொருள்களை எடுத்து, வரிசை வரிசையாக அடுக்கி ஒரே படைப்பாக்கினார். அடுக்கிப் பார்க்கும்போது இருக்கை இருக்கையாகத் தெரிவதைவிட, திரும்பத் திரும்ப வரும் வடிவமாகவே கண்ணில் படுகிறது. அவரை முழு அரூபக் கலைஞர் என்று சொல்ல முடியாது. மக்கள் வாழ்க்கைதான் அவர் கரு. ஆனால் அரூபத்தின் வழியைத் தொட்டவர். இன்னொன்று, கறுப்பு வெள்ளை அச்சின் மேல் கையாலேயே வண்ணம் தீட்டினார். அதனால் ஒரே நெகட்டிவிலிருந்து வந்தாலும் ஓர் அச்சு போல இன்னொன்று இருக்காது. காப்பி போடலாமே என்ற கேள்விக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

வகுப்புக்கும் தேர்வுக்கும்

ஆசிரியர்களே, இதைச் செய்து பாருங்கள். மலிவான அடர்நிற வண்ணத்தாள் வாங்குங்கள். அதன் மேல் இலை, சாவி, கத்தரித்த கோல வடிவம் எதையாவது வைத்துக் கண்ணாடியால் மூடி, திடலில் வெயிலில் வையுங்கள். சில தாள் சில மணி நேரத்தில் வெளுக்கும், சிலவற்றுக்கு ஒன்றிரண்டு நாள் ஆகும். எடுத்துப் பார்த்தால் மறைந்த இடம் மட்டும் பழைய நிறத்தில் நிற்கும். தாம்சனின் உதவியாளர்கள் முதல் மேன் ரே வரை எல்லாரும் அந்தத் தாளில் வந்துவிடுவார்கள்.

மாணவர்களே, "ஒளிப்படம் அரூபக் கலையாக முடியுமா? ஆராய்க" என்று கேள்வி வந்தால் இப்படிப் போங்கள். முதலில் வரையறை. அடுத்து ஆவணத்துக்கும் அரூபத்துக்கும் உள்ள வேறுபாடு, டிரைப்பையும் கோபர்னையும் ஒப்பிட்டு. பிறகு மூன்று வழிகள், வழிக்கு ஓர் எடுத்துக்காட்டு. கடைசியில் உங்கள் தீர்ப்பு. தீர்ப்புக்குக் காரணம் எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

இன்னொரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் தாத்தா பாட்டி காலத்து ஸ்டூடியோ படங்களும் நெகட்டிவ்களும் பிஸ்கட் டின்னில் கிடக்கும். தீபாவளிக்கு வீடு சுத்தம் செய்யும்போது அவைதான் முதலில் குப்பைக்குப் போகும். நம் ஊர் ஈரப்பதத்துக்குப் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். பசை உள்ள ஆல்பத்திலிருந்து, கிழியாது என்றால் மட்டும் மெல்ல எடுத்து, அமிலம் இல்லாத தாளில் சுற்றி, உலர்ந்த இடத்தில் வையுங்கள். பின்பக்கம் பென்சிலால் மெதுவாக, யார், எங்கே, எந்த ஆண்டு என்று எழுதுங்கள். முகம் தெரியாத படத்தையும், வெறும் சுவரும் நிழலுமாக இருப்பதையும் தூக்கிப் போடாதீர்கள்.

அந்த மாணவி படித்து முடித்துப் போய்விட்டாள். அவள் மதிப்பெண்ணை இனி மாற்ற முடியாது. அடுத்த முறை ஒரு மாணவர் உரிந்த சுவரின் படத்தோடு உங்கள் மேசைக்கு வந்தால், "இதுல என்ன இருக்கு?" என்று கேட்காதீர்கள். "இதுல நீ என்ன பார்த்த?" என்று கேளுங்கள்.