புல்லட்டின் பின் டயர்

சென்னைக்கு வடக்கே, தியாகராஜப் பெருமான் கோயில் கொண்டுள்ள திருவொற்றியூரில், சென்ற நூற்றாண்டின் மத்தியில், ஒன்றுக்கொன்று துணையாக வேண்டிய இரு தொழில்கள் சில வருஷ இடைவெளியில் வேரூன்றின. 1946இல் அங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்யத் தொடங்கிய கே. எம். மாம்மன் மாப்பிள்ளையின் முயற்சி, 1952இல் தேய்ந்த டயருக்கு மறுபட்டை போடும் டிரெட் ரப்பராக வளர்ந்து, 1961இல் அமெரிக்காவின் மான்ஸ்பீல்டு கம்பெனியின் கூட்டுறவோடு டயர் உற்பத்தியாகவே பரிணமித்தது, அதுவே எம்.ஆர்.எஃப். இதற்கிடையே, நமது ராணுவம் ராயல் என்ஃபீல்டு புல்லட்டை விரும்பி வாங்கியதன் பயனாக, இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955இல் என்ஃபீல்டு இந்தியாவை ஸ்தாபிக்க, வண்டியும் அதன் பாதரட்சையும் ஒரே ஊரில் பிறக்கும் பாக்கியம் திருவொற்றியூருக்கு வாய்த்தது.

அந்தப் புல்லட் 350க்கு முன்னும் பின்னும் ஒரே அளவு டயர்தான்: 3.25-19. மூன்றேகால் அங்குலம் டயரின் அகலம். 19 அங்குலம் ரிம்மின் விட்டம். உயரத்தைத் தனியே குறிக்கும் அவசியம் அக்காலத்தில் ஏற்படவில்லை. அகலம் எவ்வளவோ ஏறக்குறைய அவ்வளவே உயரமும் இருக்கும்படி உருண்டையாக வார்ப்பதே அந்நாளைய சம்பிரதாயம். வித்தியாசமெல்லாம் பட்டையில்தான்: திசை தவறாமல் ஓடுவதற்கென்று முன் டயரில் நெடுவாக்கில் வரிகள், எஞ்சினின் இழுவையைத் தரையில் ஊன்றுவதற்கென்று பின் டயரில் குறுக்கே பிளந்த கட்டைகள்.

பின் டயருக்கே பாரம் அதிகம். சங்கிலி வழியே வரும் சக்தி முழுவதும், பின்னால் உட்காருபவரின் எடையும், இரு புறமும் தொங்கும் பால் கேன்களின் சுமையும் அதன்மீதே விழுகின்றன. ஆயினும் புல்லட்டின் சக்தி ஏறத்தாழ 18 குதிரைத் திறனே ஆகையால், மூன்றேகால் அங்குலம் அதற்குப் போதுமானதாக இருந்தது. 1969இல் ஜப்பானின் ஹோண்டா கம்பெனி, 67 குதிரைத் திறன் கொண்ட சிபி 750ஐ வெளியிட்டபோது, முன் சக்கரத்துக்குப் பழைய 3.25-19ஐயே வைத்துக்கொண்டு, பின் சக்கரத்துக்கு மட்டும் 4.00-18ஐப் பொருத்திற்று. டயர் பருத்த அளவுக்கு ரிம்மில் ஓர் அங்குலத்தைக் குறைத்தால் சக்கரத்தின் மொத்த உயரம் அதிகம் மாறாது என்னும் கணக்கு அதில் அடங்கியிருந்தது.

அதே கணக்கு நம் ஊர் வண்டியிலும் பிற்பாடு வேலை செய்தது. 2021இல் வந்த புதிய ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350இன் பின் டயர் 120/80-18. அதாவது 120 மில்லிமீட்டர் அகலம், அதில் நூற்றுக்கு எண்பது பங்கு உயரம். கூட்டிப் பார்த்தால் மொத்த விட்டம் 649 மில்லிமீட்டர் வருகிறது. பழைய 3.25-19இன் விட்டமோ 648. டயர் ஒன்றரை மடங்கு பருத்தும் சக்கரத்தின் உயரம் ஒரு மில்லிமீட்டரே மாறியது தற்செயல் என்று நான் கருதவில்லை.

அகலத்தின் மீதுள்ள மோகம் மேல்நாட்டாரையும் விட்டபாடில்லை. இத்தாலியின் டுகாட்டி 1994இல் தனது 916க்கு 190/50-17ஐப் பூட்டியது. கண்ணுக்குக் கம்பீரம்தான், ஆனால் தட்டையான அந்த டயர் வளைவில் சாயத் தயங்கும் சுபாவமுடையது. 2007இல் 1098ஐக் கொண்டுவந்தபோது அக்கம்பெனியே அகலத்தை அப்படியே வைத்து, உயரத்தை 55ஆகக் கூட்டி டயரின் முதுகை வளைத்தது.

நமது புதுப்பேட்டையிலும் ஜெனரல் பாட்டர்ஸ் சாலையிலும் அந்த மோகம் வேறு ரூபத்தில் நடமாடுகிறது. பழைய புல்லட்டின் பின் ரிம் அகலம் 1.85 அங்குலமே, அதில் 4.00-19 டயரைப் பலவந்தமாக ஏற்றினால், விளிம்புகள் உட்பக்கம் நெருக்குண்டு, நடு முதுகு கூர்த்துவிடும். அகலமான டயரை வாங்கியவர் குறுகலான ஒரு கீற்றின் மேல் சவாரி செய்கிறார். சில ஆயிரம் மைல்களுக்குப் பின் பார்த்தால், நடுப்பட்டை மொழுக்கென்று தேய்ந்திருக்க, இரு தோள்களிலும் அச்சில் வார்த்தபோது நீட்டிக்கொண்டிருந்த ரப்பர் மயிர்கள்கூட உதிராமல் நிற்கும். இதோடு தீங்கு நிற்பதில்லை. சக்கரத்தின் விட்டம் 25½ அங்குலத்திலிருந்து 27ஆக உயர்வதால், கியர்கள் யாவும் நூற்றுக்கு ஆறு பங்கு கனத்து, மேட்டில் எஞ்சின் திணறுகிறது. பழைய புல்லட்டில் வேகமானி முன் சக்கரத்தோடு பிணைந்திருப்பதால், இந்த மாறுதல் முள்ளிலும் தெரிவதில்லை. மட்கார்டிலோ சங்கிலியிலோ டயர் உராய்வது வேறு.

பழைய புல்லட்டைப் போற்றி வைத்திருப்பவர்களைக் கேட்டுக்கொள்வது இதுதான்: கடைக்காரர் எடுத்து நீட்டுவதை வாங்குமுன், ரிம்மில் அந்த 1.85 அங்குல அகலத்தைக் குறிக்கும் டபிள்யூ.எம். 2 என்ற அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள், இருந்தால் 3.25-19ஐக் கேளுங்கள், பாரம் அதிகமானால் 3.50-19 வரை போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.